பக்கத்து வீட்டு வைஃபையோடு மல்லுக்கட்டாமல் கணக்குப் போடுவது எப்படி: பரிணாம ஆட்டக் கோட்பாடு, கையால்

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கம் எந்த ஒழுங்கைக்குள் நின்று போனில் வைஃபை பார்க்கிற அப் ஒன்றைத் திறந்தாலும் பத்துப் பதினைந்து பெயர்கள் வரிசையாக வந்து விழும். அதில் பாதி ஒரே சனலில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். பின்னேரம் ஆறு மணிக்கு மேல் ஒரு வீட்டில் ஏ.எல். பிள்ளைக்கு சூமில் ரியூசன், அடுத்த வீட்டில் கனடாவில் இருக்கிற மகனோடு வீடியோ கோல், போடிங்கில் இருக்கிற கம்பஸ் பெடியள் படம் இறக்குகிறார்கள். எல்லாருக்கும் ஒரே புலம்பல்தான்: காசு கட்டுறம், நெட் இல்லை.

கம்பனிக்குப் போன் எடுத்துத் திட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். ஃபைபர் வீட்டு வாசல் வரை நன்றாக வந்திருக்கும். இடிபடுவது அதற்குப் பிறகு, காற்றில். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று முட்டாத சனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. இந்த மூன்றுக்குள்தான் ஒழுங்கை முழுவதும் குடியிருக்கிறது. 5 கிகாஹேர்ட்ஸுக்குப் போனால் இடம் தாராளம், ஆனால் தடித்த சுண்ணாம்புக்கல் சுவர் வைத்த பழைய வீடுகளில் அது இரண்டாவது அறையைத் தாண்டவே மூச்சு வாங்கும். தகர வேலி இருந்தால் அது அலையைத் தன் பங்குக்குத் திருப்பி அடிக்கும்.

இந்த மாதிரிப் பங்குச் சண்டையைக் கணக்காக எழுத நல்ல கருவி ஒன்று உண்டு, பரிணாம ஆட்டக் கோட்பாடு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தேவைப்படுவது நான்கு எண்களும் இரண்டு கழித்தலும்தான். 1973இல் ஜோன் மேனார்ட் ஸ்மித், ஜோர்ஜ் பிரைஸ் இருவரும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை ஒன்றிலிருந்து இது வளர்ந்தது. விலங்குகள் ஏன் பெரும்பாலும் சாகும்வரை சண்டை பிடிப்பதில்லை என்பது அவர்களுடைய கேள்வி. ஏ.எல். உயிரியலில் கூர்ப்பு, அதாவது பரிணாமம், படித்தவர்களுக்கு உடனே பிடிபடும்: விலங்கு உட்கார்ந்து யோசித்து முடிவெடுப்பதில்லை, நல்ல பலன் தருகிற நடத்தை கூட்டத்தில் பெருகுகிறது, மற்றது குறைகிறது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் கெட்டவர் என்று நினைத்தாலும் தீர்வு வராது, அவர் எல்லாக் கணக்கும் போட்டுச் செய்கிற கெட்டிக்காரர் என்று நினைத்தாலும் வராது. அவர் மச்சானுடைய வீட்டில் நெட் நன்றாக ஓடுவதைப் பார்த்து அங்கே என்ன செய்திருக்கிறதோ அதைத் தன் வீட்டிலும் செய்கிறார். இந்தப் பார்த்துச் செய்தலைத்தான் கணக்காக்கப் போகிறோம்.

யார் ஆடுகிறார்கள்?

நிறையப் பேர் பிழைக்கிற இடம் இதுதான். பாடப்புத்தகத்தில் ஆட்டக்காரர் என்றால் போன், லப்டொப் போன்ற கருவி, அது எடுக்கிற முடிவு எப்போது பக்கெற்றை (தரவுத் துண்டை) அனுப்புவது என்பது. வைஃபைக் கருவி அனுப்பும் முன் காற்று சும்மா இருக்கிறதா என்று கேட்கும், பிறகு 0 முதல் 15 வரை ஏதோ ஒரு எண்ணை எழுந்தமானமாகத் தெரிந்து அத்தனை சிறு துண்டு நேரம் காத்திருக்கும், மோதினால் அந்த எல்லையை இரட்டித்து இரட்டித்து 1023 வரை கொண்டுபோகும். மோத மோதப் பின்வாங்கு என்பது மரியாதை. இந்த மரியாதையைக் காக்காத கருவி அதிகம் அள்ளும், அது உண்மை. ஆனால் உங்கள் அயலில் யார் அந்த எல்லையை மாற்றுகிறார்கள்? ஒருவரும் இல்லை. அது சிப்புக்குள் கிடக்கிறது.

சாதாரண வீட்டுக்காரர் கையில் உண்மையில் இருக்கிற திருகுகள் வேறு: சனல் எண், சனல் அகலம் (20ஆ 40ஆ), ரிப்பீற்றர் பூட்டுவதா இல்லையா, ஒரே நேரத்தில் எத்தனை டவுன்லோட், வீட்டு வைஃபையா சொந்த 4ஜியா. இதிலும் சனல் அகலத்தை வீட்டுக்காரர் தொட்டே இருக்கமாட்டார், லைன் பூட்ட வந்த பெடியன் வைத்துவிட்டுப் போனதாக இருக்கும். அப்படியென்றால் ஆட்டக்காரர் அந்த ரெக்னீசியன்தான், வீட்டுக்காரர் இல்லை, நீங்கள் பேச வேண்டியதும் அவரோடுதான். ஆகவே முதல் வேலை: ஒரு தாளில் வீடுகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ரவுட்டரின் பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும் என்று எழுதுங்கள். அந்தப் பெயர்கள்தான் உங்கள் கூட்டம்.

நான்கு எண்கள், மூன்று அளவீடுகள்

சனல் அகலத்தையே எடுத்துக்கொள்வோம், 2.4இல் நடக்கிற பெரிய களவு அதுதான். 40 மெகாஹேர்ட்ஸ் வைத்தால் உங்கள் வேகம் கூடும், ஆனால் மூன்று சனல் இடத்தில் கிட்டத்தட்ட இரண்டை நீங்கள் ஒருவரே பிடித்துக்கொள்கிறீர்கள். அயலில் வேறு ஆள் இருந்தால் ரவுட்டர் தானாக 20க்கு இறங்க வேண்டும் என்று தரநிலையில் ஏற்பாடு உண்டு, அதை நிறுத்திவைக்கிற தெரிவும் பல ரவுட்டர்களில் இருக்கிறது. யார் யார் நிறுத்திவைத்திருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அருகருகே இரண்டு வீடுகளைப் பிடியுங்கள், இரண்டும் ஒரே சனலில். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு லப்டொப் ரவுட்டரோடு கேபிளில், இன்னொன்று வழக்கமாகப் பாவிக்கிற அறையில் வைஃபையில். இரண்டுக்கும் இடையே வேகம் அளக்கிற ஐபெர்ஃப்3 என்ற மென்பொருளை ஓடவிடுங்கள். இணையத்து ஸ்பீட் ரெஸ்ற் வேண்டாம், அது லைனையும் சேர்த்து அளந்து குழப்பும், நமக்குத் தேவை காற்று மட்டும். இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், அதுவும் பின்னேர நெரிசலில். விடியப்புறம் நாலு மணிக்கு அளந்தால் எல்லா வீடும் சொர்க்கம்தான்.

அளவீடு மூன்று போதும். இரண்டு வீடும் 20, இரண்டு வீடும் 40, ஒன்று 20 மற்றது 40. மூன்றாவது ஒன்றே இரண்டு எண்ணைத் தந்துவிடும், 40 வைத்து அள்ளுபவருக்கு என்ன, 20இல் அடங்குபவருக்கு என்ன என்று. ஒவ்வொன்றையும் சில தடவை செய்து நடு எண்ணை எடுங்கள், சராசரி வேண்டாம், யாராவது மைக்ரோவேவ் அவனைப் போட்டால் சராசரி கவிழ்ந்துவிடும்.

கணக்குக் காட்டுவதற்காக நான் சில எண்களை வைக்கிறேன், எம்பிபிஎஸ்ஸில் (செக்கனுக்கு எத்தனை மெகாபிற்). இரண்டு பேரும் அடங்கினால் ஆளுக்கு 20. நான் அள்ள அவர் அடங்கினால் எனக்கு 30, அவருக்கு 12. இரண்டு பேரும் அள்ளினால் ஆளுக்கு 8. உங்கள் ஒழுங்கையில் வேறு வரும், அதைப் போடுங்கள்.

இரண்டு கழித்தல்

முதல் கழித்தல்: எல்லாரும் அடங்கியிருக்கிற ஊரில் நான் ஒருவன் மட்டும் அள்ளினால் எனக்கு எவ்வளவு கூடும்? 30 − 20 = 10.

இரண்டாவது: எல்லாரும் அள்ளுகிற ஊரில் நான் ஒருவன் மட்டும் அடங்கினால் எனக்கு எவ்வளவு கூடும்? 12 − 8 = 4.

இரண்டும் நேர் எண். அதாவது அடங்கிய ஊரில் அள்ளுவது லாபம், அள்ளுகிற ஊரில் அடங்குவது லாபம். அப்படியானால் ஊர் ஒரு கலவையில் போய் நிற்கும், அள்ளுபவரின் பங்கு முதல் எண்ணை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தது: 10 ÷ 14, கிட்டத்தட்ட 71 வீதம். சண்டைக்கு நிற்கிற பருந்தும் விட்டுக்கொடுக்கிற புறாவும் மோதுகிற மேனார்ட் ஸ்மித்தின் பருந்து–புறா ஆட்டம் இதேதான், பருந்துக்குப் பதில் 40 மெகாஹேர்ட்ஸ். அந்த நிலையில் ஆளுக்குக் கிடைப்பது 14.3தான். எல்லாரும் அடங்கியிருந்தால் 20 கிடைத்திருக்கும். ஒருவரும் கெட்டவரில்லாமலே ஊர் முழுக்கக் கால்வாசிக்கும் மேல் இழந்துவிட்டது.

குறி மாறினால் கதையும் மாறும், இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். முதல் எண் நேர், இரண்டாவது மறை என்றால் கடைசியில் எல்லாரும் அள்ளுவார்கள். முதல் எண் மறை, இரண்டாவது நேர் என்றால் நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை, அள்ளுகிறவர்கள் தானாக அடங்குவார்கள். இரண்டும் மறை என்றால் எது அதிகமாகத் தொடங்குகிறதோ அதுவே வெல்லும், அதே வகுத்தல் அப்போது எல்லைக்கோட்டைத் தரும். சனல் எண் தெரிவு பல இடங்களில் இந்தக் கடைசி வகை. எல்லாரும் 1, 6, 11இல் நின்றால் நீங்களும் அங்கேதான் நிற்க வேண்டும், நடுவில் 3ஐப் பிடித்தால் இரண்டு பக்கமும் இடி வாங்குவீர்கள். எல்லாரும் 3, 4, 8, 9 என்று சிதறிக் கிடக்கிற ஊரில் நீங்கள் மட்டும் ஒழுங்காக 6இல் நின்று கண்ட பலனும் இராது.

ஏன் இந்தப் பிரிப்பு முக்கியம் என்றால், புத்தி சொல்லிப் பலன் கிடைக்குமா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. எல்லைக்கோடு இருக்கிற வகையில் வட்சப் குறூப்பில் கெஞ்சி, மன்றாடி, சில வீடுகளை மாற்றிக் கோட்டைத் தாண்ட வைத்துவிட்டால் போதும், மிச்சம் தானாக வரும், பிறகு திரும்பிப் போகாது. கலவை வகையில் நீங்கள் எத்தனை வீட்டை மாற்றினாலும் மாற்றிய ஒவ்வொரு வீடும் மிச்ச ஆட்களுக்கு அள்ளுவதை இன்னும் இனிப்பாக்கும், கொஞ்ச நாளில் பழைய 71 வீதத்துக்கே வந்து நிற்கும். அங்கே பேச்சை விட்டு எண்ணை மாற்ற வேண்டும்.

பயன் என்று எதை எழுதுகிறீர்கள்?

மேலே எம்பிபிஎஸ்ஸை அப்படியே பயன் என்று எழுதினேன். பல ஆய்வுக் கட்டுரைகளும் இப்படித்தான் செய்கின்றன. ஆனால் சூம் வகுப்புக்கு 15 கிடைத்தாலும் 30 கிடைத்தாலும் பிள்ளைக்கு ஒன்றுதான், வேண்டியது இழுபடாத ஓட்டம். எனவே 15க்கு மேல் போவதை எல்லாம் 15 என்றே எழுதிப் பாருங்கள். இப்போது நான்கு எண்கள்: 15, 12, 15, 8. முதல் கழித்தல் 0, இரண்டாவது 4.

முதல் எண் பூச்சியமானால் என்ன ஆகும்? அடங்கிய ஊரில் அள்ளுபவருக்கு லாபமும் இல்லை நட்டமும் இல்லை, ஆனால் அள்ளுபவர்கள் ஓரிருவர் தோன்றி ஒருவரோடு ஒருவர் மோதத் தொடங்கிய உடனே அவர்கள் 8க்கு விழுகிறார்கள், அதே ஆளோடு மோதுகிற அடங்கியவருக்கு 12 இருக்கிறது. ஆகவே அள்ளல் பெருகவே முடியாது. நிலைத்த உத்திக்கு, அதாவது ஊர் முழுக்கப் பரவிய பிறகு வேறொன்றால் அசைக்க முடியாத நடத்தைக்கு, மேனார்ட் ஸ்மித் வைத்த இரண்டாவது நிபந்தனை இதுதான்: புதிதாக வருகிறவன் உங்களுக்குச் சமமாக ஆடினாலும் பரவாயில்லை, அவன் தன்னைப் போன்ற இன்னொருவனை எதிர்கொள்ளும்போது உங்களைவிட மோசமாக ஆடினால் நீங்கள் நிலைப்பீர்கள்.

காற்றும் அதே, ரவுட்டரும் அதே, பாவனை மட்டும்தான் வேறு. ரியூசன் பிள்ளைகள் நிறைந்த ஒழுங்கை தானாக அடங்கும், படம் இறக்குகிற போடிங் நிறைந்த ஒழுங்கை அடங்காது. அதனால் அளக்க முன் வீடு வீடாக என்ன பாவிக்கிறார்கள் என்று கேளுங்கள், கேட்டால் சொல்லுவார்கள், எங்கட ஆட்களுக்கு நெட் பற்றிக் குறை சொல்ல விருப்பம். தாமதத்தையும் விடாதீர்கள்: பிங் நேரம் (ஒரு பக்கெற் போய்த் திரும்புகிற நேரம்) ஏறுகிற ஒவ்வொரு அளவுக்கும் எவ்வளவு கழிப்பது என்று முதலே தீர்மானித்துவிட்டு எண்ணைப் பாருங்கள், பார்த்துவிட்டுத் தீர்மானித்தால் விரும்பிய விடையை வரவழைத்துவிடலாம்.

ஸ்பிரெட்ஷீற்றில் ஓடவிடுவது

எங்கே போய் நிற்கும் என்பது தெரிந்துவிட்டது. எப்படிப் போகும் என்று பார்க்க ரெப்ளிகேட்டர் சமன்பாடு, 1978இல் டெய்லரும் ஜோன்கரும் எழுதியது. அள்ளுபவரின் பங்கு ப என்று வையுங்கள். வேகம் என்பது இங்கே நெட் வேகம் இல்லை, ஆட்கள் எவ்வளவு சீக்கிரம் பார்த்து மாறுகிறார்கள் என்பது. ஒரு வரிசையில் ப, அடுத்த வரிசையில் புதிய ப:

புதிய ப = ப + வேகம் × ப × (1 − ப) × (அள்ளுபவர் பயன் − அடங்குபவர் பயன்)

நம் எண்களில் அள்ளுபவர் பயன் 30 − 22ப, அடங்குபவர் பயன் 20 − 8ப, வித்தியாசம் 10 − 14ப. வேகத்தை 0.05 என்றும் தொடக்கப் பங்கை 0.1 என்றும் வைத்தால் அடுத்தது 0.139, அதற்கடுத்தது 0.187, இப்படி ஏறி 0.714இல் அமரும். ப × (1 − ப) எதற்கு என்றால், பார்த்துச் செய்வதற்கு இரண்டு வகை ஆளும் ஊரில் இருக்க வேண்டும். அள்ளுகிறவர் ஒருவருமே இல்லாவிட்டால் பார்க்க ஆளில்லை, பங்கு அசையாது. அதனால் பூச்சியத்திலிருந்து தொடங்காதீர்கள், புதிதாகக் குடிவருகிற ஒருவர் எப்போதும் இருப்பார்.

வேகத்தை 1 என்று வைத்துப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். பங்கு 0.714ஐத் தாண்டி அங்கும் இங்கும் எகிறும், அமரவே அமராது. இந்த எண்களுக்கு 0.7ஐத் தாண்டினாலே ஆட்டம் தொடங்கிவிடும். இது ஸ்பிரெட்ஷீற்றின் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள், எல்லாரும் பழைய தகவலைப் பார்த்து ஒரே நேரத்தில் மாறினால் நிஜத்திலும் இதுதான் நடக்கும். சனல் 1 நெரிசல் என்று பத்து வீடு ஒரேயடியாக 11க்குத் தாவினால் அடுத்த நாள் 11 நெரிசல், பத்தும் திரும்ப 1க்கு. ஓட்டோ சனல் வைத்த ரவுட்டர்கள் கரண்ட் வந்த உடனே எல்லாம் ஒன்றாக எழும்பி ஒன்றாக ஸ்கேன் செய்யும்போது இதே கூத்து. மருந்து எளிது: ஒவ்வொரு தடவையும் எல்லாரும் மாறாமல் சிலர் மட்டும் மாற வேண்டும், அதாவது ரீபூட் நேரங்களை வீட்டுக்கு வீடு தள்ளி வையுங்கள்.

இன்னொன்று. 71 வீதம் என்பது பெரிய கூட்டத்துக்கான கணக்கு. ஒழுங்கையில் ஆறு வீடுதான் என்றால் 4.29 வீடு என்று ஒன்று இல்லை. அப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் மற்ற ஐந்து வீட்டைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். மற்ற ஐந்தில் மூன்று அள்ளினால் அள்ளுபவருக்கு 16.8, அடங்குபவருக்கு 15.2, ஆகவே அள்ளலாம். நான்கு அள்ளினால் 12.4க்கு எதிரே 13.6, ஆகவே அடங்கலாம். எனவே நான்கு வீடு அள்ள இரண்டு வீடு அடங்க ஊர் நிற்கும். அந்த இரண்டு வீடு எது என்பதைக் கணக்குச் சொல்லாது. யார் பிந்தி வந்தார்களோ அவர்கள் என்றுதான் பெரும்பாலும் இருக்கும்.

எண்ணை மாற்றுவது

அள்ளுவதற்கு ஒரு விலை வைத்தால் எவ்வளவு வைக்க வேண்டும்? அள்ளுபவர் பயனிலிருந்து 5ஐக் கழித்தால் கழித்தல்கள் 5, 9 ஆகும், பங்கு 5 ÷ 14, அதாவது 36 வீதம், ஆளுக்கு 17.1. 10ஐக் கழித்தால் பங்கு பூச்சியம். பாதித் தண்டனைக்கே பாதி வேலை நடக்கிறது என்பதைக் கவனியுங்கள், முழுத் தண்டனை கிடைக்காது என்று கைவிட வேண்டியதில்லை.

சரி, அந்த விலையை எப்படி விதிப்பது? வீட்டுக்குள் என்றால் ரவுட்டரே விதிக்கும். போடிங் ஒன்றை எடுங்கள், 36 எம்பிபிஎஸ் லைன், இரண்டு பேர் இறக்குகிறார்கள். சாதாரண ரவுட்டரில் லைன் ஆளுக்குப் பிரிவதில்லை, ஓட்டத்துக்குத்தான், அதாவது ஒவ்வொரு டவுன்லோட் இணைப்புக்கும்தான், பிரிகிறது. ஒருவர் ஒரு ஓட்டம், மற்றவர் டவுன்லோட் மனேஜரில் எட்டு ஓட்டம் என்றால் 4க்கு எதிரே 32. இரண்டு பேரும் ஒன்று என்றால் ஆளுக்கு 18. இரண்டு பேரும் எட்டு என்றால் காகிதத்தில் 18, ஆனால் வரிசை நீண்டு பிங் ஏறுகிறதே, 16 என்று போடுவோம். கழித்தல்கள் 14, −12. எல்லாரும் டவுன்லோட் மனேஜருக்குப் போய் முடியும் வகை, போடிங் போடிங்காகப் போய்ப் பாருங்கள், அப்படித்தான் முடிந்திருக்கும்.

இப்போது ஓப்பன்டபிள்யூஆர்ரி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் போட்ட ரவுட்டர் ஒன்றை நடுவில் வைத்து, அதில் வரிசையை ஒழுங்குபடுத்துகிற எஸ்கியூஎம் பகுதியில் கேக் என்ற முறையைத் தெரிந்து, ஆளுக்கு ஆள் பிரிக்கிற தெரிவைப் போட்டுவிடுங்கள். லைன் வேகத்துக்குக் கொஞ்சம் குறைவாக, 90 வீதம் அளவில், எல்லையைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வரிசை கம்பனிக்காரன் பெட்டிக்குள்ளேயே நிற்கும், உங்கள் ரவுட்டருக்கு ஒன்றும் தெரியாது. எட்டு ஓட்டமும் இப்போது ஒரு ஆளாகத்தான் எண்ணப்படும். முதல் கழித்தல் பூச்சியத்துக்கு இறங்கிவிட்டது. ஒருவரையும் திட்டவில்லை, பாஸ்வேர்ட் மாற்றவில்லை, அள்ளுவதில் வந்த லாபம் மட்டும் போய்விட்டது. கொஞ்ச நாளில் டவுன்லோட் மனேஜரைத் தேடுவதையே விட்டுவிடுவார்கள்.

ஆனால் நெரிசல் லைனில் இல்லாமல் காற்றில் இருந்தால் கேக்கால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பின் அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பவரின் போன் 6 எம்பிபிஎஸ்ஸில் கதைக்கிறது, முன் விறாந்தையில் இருப்பவருடையது 54இல். வைஃபை இரண்டு பேருக்கும் சம எண்ணிக்கையில் பக்கெற் வாய்ப்புக் கொடுக்கிறது, சம நேரம் அல்ல. அதே அளவு பக்கெற்றுக்குப் பின் அறைக்காரர் ஒன்பது மடங்கு நேரம் காற்றைப் பிடிக்கிறார். மேலதிகச் செலவை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் இருவருக்கும் தலா 5.4, விறாந்தைக்காரரின் 54 எங்கே போனது என்று தெரியாது. 2003இல் கிரெனோபிள் ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். இங்கே பருந்து யார்? அறைக்குள் படுத்துக் கிடக்கிற அப்பாவி. அவரைக் குறை சொல்லி வேலையில்லை, நேரத்தைச் சமமாகப் பிரிக்கிற ஏர்ரைம் ஃபெயார்னஸ் தெரிவைப் போடுங்கள், அல்லது பின் அறைக்குக் கேபிள் இழுத்து இன்னொரு அக்சஸ் பொயின்ற் வையுங்கள். மலிவு ரிப்பீற்றர் வேண்டாம். அது ஒரே பக்கெற்றை இரண்டு தரம் காற்றில் விடும், ஒரு பருந்தை நீங்களே காசு கொடுத்து வாங்கினதாகும்.

வீட்டுக்கு வீடு என்றால் ரவுட்டர் உதவாது, நடுவில் நிற்க ஆளில்லை. அங்கே இருப்பது பங்குக் கிணற்று முறைதான்: ஒவ்வொருவரும் மற்றவர் முறையைக் காப்பது, நாளைக்கும் அதே கிணற்றடிக்கு வர வேண்டும் என்பதால். அந்த ஒழுங்கு நிற்க இரண்டு விஷயம் தேவை, யார் மீறினார் என்று தெரிய வேண்டும், மீறினவரை நாளைக்கும் காண வேண்டும். முதலாவது வைஃபையில் சுலபம், அப்பைத் திறந்தால் எந்தப் பெயர் 40இல் நிற்கிறது என்று அப்பட்டமாகத் தெரியும். அதன் படத்தை எடுத்து, “அண்ணை, உங்கட ரவுட்டர் 40இல நிக்குது, 20க்கு மாத்தி விடுங்கோ, நாங்களும் மாத்திட்டம், பிள்ளையின்ர கிளாஸ் விட்டு விட்டுப் போகுது” என்று அனுப்புங்கள். ‘நாங்களும் மாத்திட்டம்’ என்பது உண்மையாக இருக்க வேண்டும், அவரிடமும் அந்த அப் இருக்கலாம். மாற்றமாட்டேன் என்றால் நீங்களும் 40க்குப் போவீர்கள் என்பதை எழுத வேண்டியதில்லை, அவருக்கு விளங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிற வாடகை வீடுகளில் இது எடுபடாது, அங்கே வீட்டுச் சொந்தக்காரரைப் பிடிப்பதுதான் வழி.

இதே கணக்கு வேறு இரண்டு இடங்களில்

போடிங்கில் பன்னிரண்டு பேர், வைஃபையா சொந்த 4ஜியா என்று தெரிவு. வைஃபை மொத்தம் 36, பாவிப்பவர்களுக்குள் சமமாகப் பிரியும் என்று வைப்போம். 4ஜி ஆளுக்கு 6. வைஃபையில் ஆள் கூடினால் 4ஜிக்கு ஓடுவார்கள், குறைந்தால் திரும்புவார்கள், ஆறு பேரில் நிற்கும். டேட்டாக் காசு மனதில் 2 எம்பிபிஎஸ் கனம் என்றால் 4ஜி 4 ஆகிவிடும், வைஃபையில் ஒன்பது பேர் ஏறி நிற்பார்கள், எல்லாருக்கும் 4. கம்பனி டேட்டா விலையைக் கூட்டினால் உங்கள் வீட்டு வைஃபை மெதுவாவது இப்படித்தான். நியாட்டோ, ஹொசைன் இருவரும் 2009இல் வலையமைப்புத் தெரிவை இந்தப் பரிணாம முறையில் ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள், திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

மற்றது நல்லூர்த் திருவிழா. தேரன்று கோயிலடியில் போனில் நாலு கோடு நிற்கும், படம் மட்டும் போகாது. கோடு காட்டுவது போன் கோபுரத்தின் (டவரின்) சத்தம் உங்களுக்குக் கேட்கிறது என்பதை, உங்கள் சத்தம் அதற்குக் கேட்கிறதா என்பது வேறு. எல்ரீஈயில், அதாவது 4ஜியில், போன் முதலில் கதவைத் தட்ட வேண்டும், ஒரு செல்லில் அதற்கு 64 முன்குறிகள்தான், இரண்டு பேர் ஒரே குறியை எடுத்தால் மோதல். இது அலோஹா என்ற பழைய வானொலி வலையமைப்பின் வாரிசு, நோர்மன் ஏப்ரம்சன் ஹவாயில் 1970களின் தொடக்கத்தில் ஓடவிட்டது. அதன் துண்டு நேர வடிவத்தில் ஒவ்வொரு துண்டிலும் எத்தனை பேரோ அதற்கு ஒன்று (பத்துப் பேர் என்றால் பத்தில் ஒன்று) என்ற வாய்ப்பில் எல்லாரும் அனுப்பினால்தான் உச்சம், அந்த உச்சமே கூட்டம் பெருத்தால் 37 வீதத்துக்குக் கிட்டத்தான். தனக்கு மட்டும் அவசரம் என்று எல்லாரும் எல்லாத் துண்டிலும் அனுப்பினால் கிடைப்பது சரியாகப் பூச்சியம். போகாத படத்தை அமத்தி அமத்தித் திரும்ப அனுப்புகிறீர்களே, அதுதான் அந்த வாய்ப்பைக் கூட்டுவது. போன் கோபுரம் இதைத் தெரிந்துதான் சில வகைப் போன்களைக் கொஞ்ச நேரம் தட்டவே விடாமல் தள்ளிவைக்கிற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. முத்திரைச் சந்தி வரை நடந்து போய் அனுப்புவது உங்கள் கையில் இருக்கிற ஏற்பாடு.

எங்கே நம்பக்கூடாது

மேலே போட்டது இரண்டிரண்டு வீடாக மோதுகிற கணக்கு. காற்றில் எல்லாரும் ஒன்றாக மோதுகிறார்கள், மூன்றாவது வீடு 40க்குப் போனால் முதல் இரண்டின் இழப்பு வெறும் கூட்டலாக இராது. ஆறேழு வீடு என்றால் நான்கு எண்ணை விட்டுவிட்டு, அள்ளுகிற வீடு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற ஏற இரு வகைக்கும் என்ன கிடைக்கிறது என்று நேராகவே அளந்து இரண்டு கோடு கீறுங்கள். கோடுகள் வெட்டுகிற இடம்தான் ஊர் நிற்கிற இடம், கணக்கு அதேதான். ஒன்றையொன்று கேட்காத வீடுகள் இருந்தாலும் பிழைக்கும்: நடு வீட்டுக்கு இரண்டு பக்கமும் கேட்கும், ஓர வீடுகள் ஒன்றையொன்று அறியாமல் ஒரே நேரத்தில் கதைத்து நடு வீட்டில் மோதும். அப்போது எல்லாரும் ஒரே மாதிரி என்ற எடுகோளே உடைந்துவிடும், வீட்டுக்கு வீடு தனி எண் வேண்டும்.

அளக்க ஆளும் வீடும் கிடைக்காதவர்கள், யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ இறுதியாண்டுத் திட்டம் செய்கிறவர்கள் உட்பட, கணினியில் வலையமைப்பைப் போலச் செய்து காட்டுகிற என்எஸ்-3 மென்பொருளில் இந்த ஒழுங்கையை உருவாக்கிப் பார்க்கலாம். சுவர் இழப்பைப் போட மறக்க வேண்டாம், வெறும் வெளியில் ஓடவிட்டால் 5 கிகாஹேர்ட்ஸ் எல்லாப் பிரச்சினையையும் தீர்த்துவிட்டதாகக் காட்டும். முதலில் இரண்டு வீட்டை மட்டும் ஓடவிட்டு, வருகிற நான்கு எண்ணின் இரண்டு கழித்தலும் நிஜத்தில் அளந்த குறியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எண் கொஞ்சம் முன்பின் இருந்தால் பரவாயில்லை, குறி மாறியிருந்தால் ஆறு வீட்டுக்குப் போகாமல் சுவரைத் திரும்பப் பாருங்கள்.